பாரதியார ஆயில் கலர்ல வரையணுமா? முண்டாசுக்குக் கீழ இருக்கற முகத்துல இருந்து ஆரம்பிங்க

பாரதியார வரையறதுல இருக்கற பெரிய சிக்கலே அவர் ரொம்ப சுலபமா வந்துடுவாருங்கறதுதான். ஒரு வெள்ளை முண்டாசு, முறுக்கின மீசை, உருட்டி விழிக்கற ரெண்டு கண்ணு, நெத்தியில பொட்டு, இவ்ளோ போட்டா போதும், ஸ்கூல் காம்பவுண்டு சுவத்துல யார் போட்டாலும் பாக்கறவங்க பாரதின்னு சொல்லிடுவாங்க. அதனாலயே அந்த முகத்த யாரும் உத்துப் பாக்கறதில்ல, வரையறவங்களும் பாக்கறதில்ல. நீங்க வரைஞ்சு முடிச்ச படத்துல முண்டாசு மேல ஒரு பேப்பர், மீசை மேல ஒரு பேப்பர் வெச்சு மூடுங்க, மிச்சம் இருக்கற நெத்தி, கண்ணு, மூக்கு, கன்னம், தாடை இதப் பாத்து அது பாரதின்னு சொல்ல முடியுதா? முடிஞ்சா அது போர்ட்ரெய்ட். முடியலன்னா முண்டாசு கட்டின யாரோ ஒருத்தர். நான் கீழ சொல்லப்போறது எல்லாமே இந்த ஒரு டெஸ்ட்ட மனசுல வெச்சுதான்.

முதல்ல வயசு. 1882 டிசம்பர் 11ல எட்டயபுரத்துல பொறந்தவர், 1921 செப்டம்பர்ல திருவல்லிக்கேணில காலமானாரு, அப்ப அவருக்கு 38 வயசுதான், 39 நிறையல. ஆனா நம்ம காலண்டர் படம், ஆண்டு விழா பேனர் எல்லாத்துலயும் அவர் ஒரு அம்பது வயசு பெரியவர் மாதிரி இருப்பாரு, கன்னத்துல ஆழமா கோடு, கண்ணுக்குக் கீழ பை, தடிச்ச கழுத்து. அவர் வறுமையில உடம்பு இளைச்ச ஒரு சின்ன வயசுக்காரர். கன்ன எலும்பு தெரியும், கண்ணு கொஞ்சம் உள்ள போயிருக்கும், ஆனா தோல் தொங்காது. இளைச்ச முகத்துக்கும் வயசான முகத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்த பிடிச்சுட்டீங்கன்னாலே பாதிக்கிணறு தாண்டின மாதிரி.

அடுத்தது ரெஃபரன்ஸ், இதுக்கு நேரம் செலவு பண்ணுங்க, அவசரப்படாதீங்க. பாரதியோட ஒரிஜினல் போட்டோ விரல் விட்டு எண்ற அளவுதான் நமக்குக் கிடைச்சிருக்கு. புதுச்சேரில மனைவி செல்லம்மா, குடும்பத்தோட எடுத்தது, காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்குப் போனப்ப எடுத்தது, கையில தடியோட இருக்கற படம், அப்புறம் கடைசி காலத்துல சென்னைல எடுத்தது, இப்படிக் கொஞ்சம்தான். இன்னிக்கு எல்லார் மனசுலயும் இருக்கற கம்பீரமான முண்டாசு முகம் பெரும்பாலும் ஓவியர் ஆர்யாங்கற பாஷ்யம் வரைஞ்ச படத்தோட வழியில வந்தது, அவர் சுதந்திரப் போராட்டத்துல இருந்தவர், 1932ல சென்னை கோட்டை கொடிமரத்துல தேசியக் கொடி ஏத்தினவர். அது ரொம்ப நல்ல படம், எனக்கு அது மேல பெரிய மரியாதை இருக்கு. ஆனா அதப் பாத்து இன்னொருத்தர் வரைஞ்சு, அந்தப் படத்தப் பாத்து வேறொருத்தர் வரைஞ்சுன்னு போகப் போக ஒவ்வொரு தடவையும் மீசை கொஞ்சம் பெருசாகி கண்ணு கொஞ்சம் பெருசாகி முகம் காணாமப் போயிடுச்சு. அதனால படத்தப் பாத்துப் படம் வரையாதீங்க, போட்டோவுக்குப் போங்க. ரா.அ. பத்மநாபன் தொகுத்த 'சித்திர பாரதி' எங்கயாவது லைப்ரரில கிடைச்சா எடுத்துப் பாருங்க, 1957ல வந்தது, பாரதி சம்பந்தப்பட்ட படங்கள் ஒரே இடத்துல இருக்கும். புதுச்சேரி ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுல அவர் இருந்த வீடு, திருவல்லிக்கேணில அவர் நினைவு இல்லம், ரெண்டும் நினைவிடமா இருக்கு, ரெண்டுக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க.

நெட்ல இறக்கற படம் வேணாமான்னா, வேணும், ஆனா எதுன்னு பாத்து எடுங்க. இப்ப ஏஐ வெச்சு ஷார்ப் பண்ணின பாரதி படம் நிறைய சுத்துது, கண்ணிமை முடி ஒவ்வொண்ணும் தெரியும், தோல்ல துளை தெரியும், பாக்க பிரமாதமா இருக்கும், ஆனா அந்த டீட்டெயில் எதுவும் ஒரிஜினல்ல கிடையாது, கம்ப்யூட்டர் இட்டுக்கட்டினது. இல்லாத கண்ணப் பாத்து நீங்க ராத்திரி பகலா வரைஞ்சா வேற யாரோ ஒருத்தர்தான் வருவாரு. கலர் பண்ணின படங்களும் இதே கதைதான், அந்த கலர் யாரோ ஊகிச்சுப் போட்டது. மங்கலா இருந்தாலும் பரவால்ல, கிரெய்ன் தெரியற பழைய பிரிண்டோட ஸ்கேன்தான் உங்களுக்கு உண்மையச் சொல்லும்.

இப்ப ஒரு முக்கியமான விஷயம், இதத் தெரிஞ்சுக்காம பழைய போட்டோவப் பாத்து வரையறவங்கதான் அதிகம். அந்தக் காலத்துல ஸ்டூடியோக்கள்ல ஃபிலிமுக்குப் பதிலா சாதாரணமா இருந்த போட்டோ பிளேட்டுகளுக்கு சிவப்பு வெளிச்சம் தெரியாது, நீலம் மட்டும் அளவுக்கு மீறித் தெரியும். அதனால சிவப்பா இருக்கறதெல்லாம் போட்டோல கறுப்பா விழும், நீலமா இருக்கறது வெளுத்துப் போகும். நம்ம தோல்ல இருந்து வர்ற வெளிச்சத்துல சிவப்புதான் ஜாஸ்தி, அப்ப மாநிறமா இருக்கறவர்கூட அந்த போட்டோல நல்ல கறுப்பா, தோல் திட்டுத்திட்டா தெரிவாரு. உதடு மை பூசின மாதிரி இருக்கும். குங்குமப் பொட்டு கறுப்புப் பொட்டா இருக்கும். கண்ணுல சிவப்பு வரி ஓடியிருந்தா வெள்ளைப்பகுதியே அழுக்கா தெரியும். போட்டோல இருக்கற டோன, அதாவது வெளிச்சம் இருட்டோட அளவ, அப்படியே கேன்வாஸ்ல ஏத்தினீங்கன்னா முகம் கரிபிடிச்ச மாதிரி வரும், அப்புறம் எவ்ளோ கலர் மாத்தினாலும் அது சரியாகாது, ஏன்னா தப்பு கலர்ல இல்ல டோன்லதான். அதனால தோல போட்டோல தெரியறத விட ஒரு படி வெளிச்சமா எடுத்துக்குங்க, உதட்ட அதைவிட இன்னும் கொஞ்சம் தூக்குங்க, பொட்ட தைரியமா சிவப்பாப் போடுங்க. வடிவத்துக்கு போட்டோவ நம்புங்க, டோனுக்கு அத அப்படியே நம்பாதீங்க.

கலருக்கு என்ன பண்றது? கூட இருந்தவங்க எழுதினதப் படிக்கணும். வ.ரா. எழுதின வாழ்க்கை வரலாத்துல முக வர்ணனையே இருக்கு, அகலமான பெரிய நெத்தி, செவ்வரி ஓடின கண்ணு, அழகான மூக்கு, முண்டாசுக்கு அடியில வழுக்கைன்னு பாத்துப் பாத்து எழுதியிருப்பாரு. ஒரு ஓவியருக்கு இதை விட என்ன வேணும்? செல்லம்மா எழுதினது இருக்கு, புதுச்சேரில சின்னப் பொண்ணா இருந்து பாரதி மடியில வளர்ந்த யதுகிரி அம்மாள் எழுதின நினைவுகள் இருக்கு. வரையறதுக்கு முந்தின வாரம் இதுல ஒண்ணாவது படிச்சிடுங்க. சிரிக்கற பாரதி, பாட்டுப் பாடிட்டே நடக்கற பாரதி, குழந்தைகளோட விளையாடற பாரதி எல்லாம் அதுல வருவாரு, போட்டோல அவர் முறைக்கறாரேன்னா அந்தக் கால ஸ்டூடியோல ஆடாம அசையாம இருங்கன்னு சொல்லி நிறுத்தி எடுப்பாங்க, பாதி முறைப்பு அதனால வந்தது. நாம அத அவர் குணம்னு எடுத்துக்கிட்டோம்.

போஸ் என்ன வெக்கறது, கையில பேனா குடுக்கறதா, பின்னாடி பாரத மாதா, சிங்கம், சூரியன் எல்லாம் வெக்கறதான்னு கேப்பீங்க. எனக்குப் பிடிக்காது, ஏன்னா அது எல்லாமே முகம் பண்ணவேண்டிய வேலைய வேற பொருள்கிட்ட ஒப்படைக்கறது. எழுத்தாளர் போர்ட்ரெய்ட்னா உலகத்துலயே பெரிய பேரு வாங்கின ரெண்டு படத்த எடுத்துப் பாருங்க. ரஷ்ய ஓவியர்கள் ரெண்டு பேர், 1872ல பெரோவ் வரைஞ்ச தஸ்தயேவ்ஸ்கி, 1873ல கிராம்ஸ்கோய் வரைஞ்ச டால்ஸ்டாய், ரெண்டும் மாஸ்கோ திரெத்தியாகோவ் கேலரில இருக்கு. ரெண்டு பேர் கையிலயும் பேனாவும் கிடையாது புஸ்தகமும் கிடையாது, பின்னாடி வெறும் சுவர். தஸ்தயேவ்ஸ்கி முழங்காலக் கட்டிக்கிட்டு எங்கயோ பாத்துட்டு இருப்பாரு, டால்ஸ்டாய் நேரா நம்மளப் பாப்பாரு. ஒருத்தர் எழுதறவர்னு அந்தப் பார்வைலயே தெரியும். பெரிய சைஸ்ல நெட்ல கிடைக்கும், நல்லா ஜூம் பண்ணிப் பாருங்க. இன்னொண்ணு, பின்னாடி தேசியக் கொடி வெச்சே ஆகணும்னா யோசிச்சுக்குங்க, அசோகச் சக்கரம் உள்ள கொடி 1947ல ஏத்துக்கிட்டது, பாரதி அதப் பாத்ததே இல்ல.

சரி, சாமானுக்கு வருவோம். 18க்கு 24 இன்ச் கேன்வாஸ் எடுங்க, உச்சந்தலைல இருந்து தாடை வரைக்கும் சாதாரணமா ஒருத்தருக்கு ஒன்பது இன்ச் கிட்ட இருக்கும், நீங்க படத்துல எட்டு இன்ச் வர்ற மாதிரி வரையுங்க. நிஜ சைஸ விடப் பெருசாப் போச்சுன்னா பேனர் மாதிரி ஆயிடும், ரொம்பச் சின்னதாப் போச்சுன்னா கண்ணுல வேலை செய்ய இடம் இருக்காது. கலர் நிறைய வேணாம். டைட்டானியம் வைட், யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், வெர்மிலியன், அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரைன் புளூ, ஏழு டியூப் போதும். கறுப்பு டியூப் வாங்கவே வேணாம், அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் கலந்தா உயிருள்ள கறுப்பு கிடைக்கும், புளூ கூட்டினா குளிர்ச்சியா, அம்பர் கூட்டினா சூடா நம்ம இஷ்டத்துக்குத் திருப்பிக்கலாம். முகத்துக்கு ஃபில்பர்ட் பிரஷ் (நுனி வளைஞ்ச தட்டை பிரஷ்) ரெண்டு சைஸ், பெரிய இடத்துக்கு ஒரு அகலமான பிளாட், கடைசில கண்ணுக்கு ஒரு சின்ன ரவுண்டு. டர்பன்டைன், லின்சீட் ஆயில், ஒரு பேலட் நைஃப், பழைய பனியன் துணி. ஜன்னலத் தொறந்து வெச்சிக்கிட்டு வேலை செய்யுங்க, டர்பன்டைன் நாத்தம் மூடின ரூம்ல தலைவலி குடுக்கும்.

கேன்வாஸ் வெள்ளையா இருக்கக் கூடாது. பர்ன்ட் அம்பர்ல டர்பன்டைன் நிறைய விட்டு தண்ணி மாதிரி கரைச்சு முழுசும் பூசி துணியால துடைச்சிடுங்க, டீத்தண்ணி கலர்ல ஒரு கறை நிக்கும், காயட்டும். வெள்ளைக் கேன்வாஸ்ல எந்த டோன் வெச்சாலும் கறுப்பாத் தெரியும், இந்தக் கறை மேல வெச்சா சரியாத் தெரியும்.

இப்ப டிராயிங். கட்டம் போட்டு வரையலாமா? தாராளமா. நம்ம ஊர் சினிமா பேனர் வரைஞ்ச ஓவியர்கள் ஒரு சின்ன ஸ்டில்லுல கட்டம் போட்டு நாப்பதடி கட்அவுட்டுக்கு முகத்த ஏத்தியிருக்காங்க, சாயல் ஒரு நூல் தவறாது. ஆனா கட்டம் போட்டு ஏத்தினதுக்கு அப்புறம் உக்காந்து மண்டையோட்ட யோசிக்கணும், இங்கதான் பாரதி படம் எல்லாம் கோட்டை விடுது. மனுஷ முகத்துல உச்சந்தலைல இருந்து தாடை வரைக்கும் அளந்தா கண்ணு சரியா பாதியில இருக்கும். முண்டாசு இருந்தா உச்சந்தலை எங்கன்னு தெரியாது, அதனால கை தானா என்ன பண்ணும்னா புருவத்துக்குக் கொஞ்சம் மேலயே முண்டாச வெச்சு முடிச்சிடும், மண்டைக்கு இடமே இருக்காது, முகம் மட்டும் ஒரு முகமூடி மாதிரி நிக்கும். அதுக்கு வழி ஒண்ணுதான், முண்டாசே இல்லாம பாரதிய வரையுங்க. வழுக்கை விழுந்த அந்தத் தலையோட முழு உருண்டையும், நெத்தி ரெண்டு பக்கமும் மேல ஏறிப் போற இடமும், காது எங்க ஒட்டுதுங்கறதும் சார்கோல்ல லேசாப் போட்டு, பாத்து, அது ஒரு முழு மனுஷனோட தலைதான்னு உறுதி ஆனதுக்கு அப்புறம் அது மேல துணியச் சுத்துங்க. சுத்தும்போது துணிக்கு ஒரு கனம் இருக்கு, மண்டைல இருந்து எல்லாப் பக்கமும் அது வெளிய தள்ளி நிக்கும்.

மூணு அளவ மட்டும் திரும்பத் திரும்ப சரிபாருங்க. ரெண்டு கண்ணோட வெளி ஓரத்துல இருந்து மூக்கு அடிக்கு கோடு இழுத்தா வர்ற முக்கோணம், மூக்கு அடிக்கும் கீழுதட்டுக்கும் நடுவுல இருக்கற தூரம், கன்ன எலும்புல இருந்து தாடை முனை வரைக்கும் போற சாய்வு. சாயல் இந்த மூணுக்குள்ள உக்காந்திருக்கு. ரெண்டாவது அளவு மீசைக்குள்ள மறைஞ்சு போறதால அதுலதான் நிறைய பேர் தப்பு விடுவாங்க, மீசைக்கு இடம் வேணும்னு மேலுதட்ட நீட்டிடுவாங்க, மூஞ்சி நீளமாயிடும். போட்டோவையும் உங்க டிராயிங்கையும் தலைகீழாத் திருப்பி வெச்சுப் பாருங்க, கண்ணாடில பாருங்க, தப்பு தானா கண்ணுல படும். இந்தக் கட்டத்துல ஒரு நாள் கூடப் போனாலும் போகட்டும், டிராயிங்ல இருக்கற தப்ப எந்த கலராலயும் மூட முடியாது.

டிராயிங் சரின்னு தோணிடுச்சுன்னா சார்கோல லேசாத் தட்டி விட்டுட்டு, பர்ன்ட் அம்பர் மட்டும் வெச்சு இருட்டு எங்க, வெளிச்சம் எங்கன்னு ரெண்டே பிரிவா பிரிச்சுப் பூசிடுங்க. கண்குழி, மூக்கோட ஒரு பக்கம், மீசைக்குக் கீழ, தாடைக்குக் கீழ, முண்டாசு நெத்தி மேல போடற நிழல், அவர் போட்டிருக்கற கோட்டு, எல்லாம் ஒரே இருட்டு. பத்தடி தள்ளி நின்னு பாத்தா, கண்ணு வரையாமயே பாரதி தெரியணும். அம்பர் சீக்கிரம் காயும், ரெண்டு நாள் விட்டா மேல வேலை செய்யலாம். இந்த லேயர்ல எண்ணெய் சேக்காதீங்க, வெறும் டர்பன்டைன். மேல போகப் போகத்தான் லின்சீட் கூடணும், கீழ எண்ணெய் ஜாஸ்தியா இருந்து மேல கம்மியா இருந்தா மேல் லேயர் முதல்ல காஞ்சு பின்னால வெடிக்கும்.

தோல் கலர டியூப்ல தேடாதீங்க, ஸ்கின் டோன்னு எழுதி விக்கறது நம்ம ஆளுங்களுக்கு ஆகாது. பர்ன்ட் சியன்னாவும் யெல்லோ ஆக்கரும் சமமா எடுத்து அதுல பாதி அளவு வைட், ஊசி முனை அளவு அல்ட்ராமரைன், இது நடு டோன், மாநிறத்துக்கு அடிப்படை. வெளிச்சப் பக்கத்துக்கு இதுலயே ஆக்கரும் வைட்டும் ஏத்தி துளி வெர்மிலியன். நிழலுக்கு வைட்டே வேணாம், சியன்னா, அல்ட்ராமரைன், கொஞ்சம் அலிசரின். மூணையும் பேலட் நைஃபால நிறைய கலந்து தனித்தனிக் குவியலா வெச்சிக்கிட்டு அப்புறம் பிரஷ் எடுங்க, பாதியில தீந்துட்டா அதே கலர மறுபடி கொண்டு வர்றது கஷ்டம். முகத்துல எல்லா இடமும் ஒரே கலர் கிடையாது, நெத்தி கொஞ்சம் மஞ்சள் அடிக்கும், மூக்கு, கன்னம், காது சிவப்பு அடிக்கும், தாடையில ஷேவ் பண்ணின இடம் லேசா பச்சை கலந்த சாம்பல் அடிக்கும். நம்ம தோல்ல வெளிச்சம் பளிச்சுனு விழற இடத்துல ஒரு நீலச் சாயல் இருக்கும், ஜன்னல் வழியா வர்றது வானத்து வெளிச்சம்ங்கறதால. நெத்தி மேட்டுலயும் மூக்குத் தண்டுலயும் வெக்கற அந்த ஹைலைட்ல வைட்டோட துளி புளூ சேத்துப் பாருங்க, வெறும் வைட் வெச்சா சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கற இடம் திடீர்னு ஈரமா, உயிரா மாறும்.

கண்ணு. இதுக்குத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பீங்க. பாரதின்னாலே அக்கினிக் கண்ணுதான், அதுல சந்தேகமில்ல, ஆனா அந்த நெருப்பு கண்ணோட சைஸ்ல கிடையாது. கண்ண பெருசாக்கி, கருவிழிக்கு மேலயும் வெள்ளை தெரியற மாதிரி வரைஞ்சா அது பயந்து போன முகம், கோவம் கூட இல்ல. மேல் இமை கருவிழியோட உச்சிய கண்டிப்பா மூடணும். தீவிரம் வர்றது புருவத்துல இருந்து, புருவத்தோட உள்முனை கொஞ்சம் இறங்கி மேல் இமைய நெருங்கும், அந்த நெருக்கத்துலதான் கண்ணு கூர்மை ஆகுது.

நான் பண்ற முறை இது. முதல்ல கண்குழி முழுசும் நிழல் கலர்ல மூடிடுவேன், கண்ணே தெரியாது. அதுக்குள்ள வெள்ளைப்பகுதிய சாம்பல்ல வெப்பேன், வைட்ல அம்பரும் புளூவும் கலந்து தோலோட நடு டோனுக்கு சமமான ஒரு சாம்பல், அத விட வெளிச்சமா வெச்சா கண்ணு பல்பு மாதிரி துருத்தும். மேல் இமையோட நிழல் அந்த உருண்டையோட மேல் பகுதில விழும், அங்க இன்னும் இருட்டு. கண்ணோட உள் மூலைல, மூக்குப் பக்கம், வெர்மிலியனும் வைட்டும் கலந்த ஒரு சின்ன ஈரச் சிவப்பு. வ.ரா. சொன்ன செவ்வரிய கோடு கோடா வரையாதீங்க, மூலைல இருந்து அந்தச் சிவப்ப காயாத சாம்பலுக்குள்ள பிரஷ் நுனியால லேசா இழுத்து விட்டாப் போதும், தள்ளி நின்னு பாத்தா செவ்வரி தெரியும், கிட்ட வந்தா கோடு தெரியாது. கருவிழி அம்பரும் சியன்னாவும், அதுக்கு நடுவுல இருக்கற பாப்பா அதை விட இருட்டு, கருவிழியோட வெளி ஓரத்த அழுத்தமா கோடு போடாம கரைச்சு விடுங்க. வெளிச்சம் இடது மேல இருந்து வருதுன்னா, அதுக்கு எதிர்ல கருவிழியோட வலது கீழ்ப்பக்கம் லேசா சியன்னா ஆக்கர் வெச்சா விழிக்குள்ள வெளிச்சம் புகுந்து தங்கின மாதிரி ஒரு மினுக்கு வரும், அந்த மினுக்குதான் பாரதி. கடைசியா இடது மேல, பாப்பாவும் கருவிழியும் சேர்ற விளிம்புல ஒரே ஒரு புள்ளி ஹைலைட், கெட்டியான பெயின்ட், ஒரே தடவை, தொட்டு எடுத்துடணும். ரெண்டு கண்ணுலயும் ஒரே அளவு வெக்காதீங்க, வெளிச்சம் கிட்ட இருக்கற கண்ணுல பளிச்சுனு, மத்ததுல மங்கலா.

மூக்கு வெளிச்சம் நிழல் வெச்சே வந்துடும், மூக்குத் துவாரத்த மட்டும் கறுப்பா அடைக்காம அலிசரின் கலந்த சூடான இருட்டா வையுங்க. கன்னத்துல எலும்புக்குக் கீழ விழற பள்ளம் இருக்கே, அத பயப்படாம வையுங்க, ஆனா ஓரம் மெதுவா கரையணும். அங்க கோடு விழுந்தா வயசு ஏறிடும்.

மீசைக்கு அடியில ஒரு வாய் இருக்குங்கறத மறக்காதீங்க. மேலுதட்டோட வளைவ முழுசா தோல் கலர்ல வரைஞ்சிட்டு, அது ஈரமா இருக்கும்போதே மீசைய ஒரே இருட்டுத் தொகுதியா மேல வைங்க, ஓரம் தோலோட கலந்து சாம்பல் ஆகும், அந்தச் சாம்பல்தான் மீசை தோல்ல இருந்து முளைக்குதுன்னு நம்ப வெக்கும். ஒவ்வொரு முடியா இழுக்காதீங்க. கடைசில முறுக்கின நுனிகிட்ட நாலு இழுப்பு, நடுவுல வெளிச்சம் விழற இடத்துல புளூ கலந்த சாம்பல்ல ரெண்டு இழுப்பு, அதோட விட்டுடுங்க. நுனி கன்னத்த விட்டு தூக்கி நிக்குதுன்னா அதோட நிழல் கன்னத்துல மெல்லிசா விழணும், அது இல்லன்னா மீசை ஒட்டினது மாதிரி ஆயிடும். போட்டோல தெரியற அளவுதான் மீசை, கூட்டாதீங்க.

காசியில இருந்த காலத்துலதான் மீசையும் தலைப்பாகையும் வந்ததுன்னு சொல்லுவாங்க, 1898ல அங்க போனவர். அந்தத் தலைப்பாகைய வரைய நல்ல வழி, வீட்டுல அண்ணனோ தம்பியோ யார் தலைலயாவது கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டிய சுத்தி, போட்டோல வெளிச்சம் வர்ற அதே பக்கம் ஜன்னல் இருக்கற மாதிரி உக்கார வெச்சுப் பாக்கறது. போட்டோல வெளுத்துப் போய் மடிப்பே தெரியாத இடமெல்லாம் அப்ப விளங்கும். ஒவ்வொரு சுத்தும் மண்டையோட வளைவுல ஓடணும், நேர்கோடா ஓடினா தட்டையாயிடும். வெள்ளைத் துணில வெள்ளை ரொம்பக் கம்மி, நிழல்ல நீலச்சாம்பல், மடிப்புக்குள்ள வெளிச்சம் பட்டுத் திரும்பற இடத்துல ஆக்கர் கலந்த சூடான சாம்பல், சுத்தமான வைட் நெத்திக்கு மேல வெளிச்சம் நேரா விழற ஒரே ஒரு மடிப்புல மட்டும். அந்த மடிப்புகூட கண்ணுல இருக்கற புள்ளிய விட பளிச்சுனு இருக்கக் கூடாது, பாக்கறவங்க கண்ணு முண்டாசுல போய் நின்னுடும். பின்பக்க ஓரத்த பேக்ரவுண்டுக்குள்ள கரைய விட்டுடுங்க.

கோட்டுக்கு அகலமான பிரஷ்ல அம்பரும் புளூவும், காலர் ஓரம் மட்டும் தெளிவா, கீழ போகப் போக முடிக்காமயே விட்டுடலாம். பேக்ரவுண்டுக்கு ஆக்கர், புளூ, வைட் கலந்த பச்சைச் சாம்பல் நல்லா இருக்கும், பழுப்பு முகம் அதுக்கு முன்னாடி தானா சூடாத் தெரியும். அதே சாம்பல ஆரம்பத்துலயே முகத்த சுத்தி கொஞ்சம் பூசி வெச்சிக்குங்க, கடைசில பூசினா முகத்தோட டோன் எல்லாம் மாறித் தெரிஞ்சு மறுபடி திருத்த வேண்டி வரும். பொட்டு வெர்மிலியன்ல அலிசரின் கலந்து, நெத்தியோட வளைவு மேல, நிழல் பக்கம் கொஞ்சம் இருட்டா, தட்டையான வட்டமா வெக்காதீங்க.

இப்ப ஆரம்பத்துல சொன்ன டெஸ்ட். பேப்பர வெச்சு முண்டாசையும் மீசையையும் மூடிப் பாருங்க. போர்ட்ரெய்ட் பத்தி எதுவும் தெரியாத, ஆனா பாரதி போட்டோவ நல்லாப் பாத்திருக்கற ஒருத்தரக் கூப்பிட்டு, சொல்லாமக் காட்டுங்க. அவங்க தயங்கினா கண்ணத் திருத்தாதீங்க, முதல்ல அந்த மூணு அளவுக்குப் போங்க, தொண்ணூறு சதவீதம் தாடைச் சாய்வுலயோ மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவுலயோதான் ஏதாவது நகர்ந்திருக்கும். வயசு ஜாஸ்தியாத் தெரியுதுன்னு சொன்னா கன்னத்து நிழலோட ஓரத்த சுத்தமான, காஞ்ச பிரஷால ஒரு தடவை தடவி மென்மை ஆக்குங்க. சாயல் வந்துடுச்சுன்னா உடனே கைய எடுத்துடுங்க, இன்னும் கொஞ்சம் ஸ்மூத் பண்ணலாமேன்னு ஆரம்பிச்சா அந்தத் தோல் மெழுகு ஆயிடும்.

வார்னிஷுக்கு அவசரமே வேணாம், ஆயில் கலர் உள்ள வரைக்கும் காய ஆறு மாசம் ஆகும், கெட்டியா வெச்ச இடம் இன்னும் ஜாஸ்தி நாள் எடுக்கும். அது வரைக்கும் தூசி படாத இடத்துல, ஆனா அலமாரி இருட்டுக்குள்ள பூட்டாம, வெளிச்சம் வர்ற சுவத்துல சாய்ச்சு வையுங்க, இருட்டுல வெச்சா லின்சீட் மஞ்சளடிக்கும். நேர் வெயில் வேணாம். மழைக்காலத்துல ஓதம் ஏறற சுவர்னா ஃப்ரேமோட பின்பக்கம் நாலு மூலைலயும் கார்க் துண்டு ஒட்டி சுவத்துல இருந்து தள்ளி மாட்டுங்க, காத்து போகட்டும். அப்புறம் லின்சீட் துடைச்ச துணிய சுருட்டி குப்பைக்கூடைல போட்டுடாதீங்க, அது தானா சூடேறித் தீப்பிடிக்கும், தண்ணில நனைச்சு மூடியுள்ள டப்பால போடுங்க, இல்ல வெளிய விரிச்சுக் காயப்போட்டு அப்புறம் போடுங்க.